யாரும் தொடாத லிங்க்

அம்மா தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். மூச்சு சீராகத்தான் வருகிறது. ஆனால் விழித்திருக்கும்போதும் அம்மாவால் அப்படி மூச்சு விட முடியும். அப்பாவுக்கு ஹார்பரில் நைட் ஷிப்ட், கப்பலில் கன்டெய்னரைக் கட்டி இறுக்கும் வேலை. காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார். அதற்குள் அம்மாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. அதனால் முதலில் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

டிசம்பர் மழையில் கொருக்குப்பேட்டை ரயில்வே லைன் ஓரத்து வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் இளைஞர் மன்றம் நூற்றெண்பது குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் போட்ட நிவாரணப் பை கொடுப்பதாக முடிவானது. போன வருடம் பேப்பர் லிஸ்ட் வைத்துக் கொடுத்தபோது ஒரே தள்ளுமுள்ளு, லிஸ்ட்டே கிழிந்துபோனது. இந்த வருடம் நான் வெப்சைட் செய்கிறேன் என்று கை தூக்கினேன். பிளஸ் டூ படிக்கிறேன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்.

ஜாங்கோ என்று ஒன்று இருக்கிறது. வெப்சைட் கட்டுவதற்கான ரெடிமேட் சட்டகம் மாதிரி. கதவு, பூட்டு, அலமாரி எல்லாம் அதிலேயே இருக்கும். எந்தக் கதவைத் திறந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் எழுதினால் போதும். வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு வாரத்தில் எழுதினேன். முதல் பாடங்களில் சிலவற்றை அவசரத்தில் ஓட்டிவிட்டேன்.

நான் எழுதியது இவ்வளவுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு லிங்க். அதைத் திறந்தால் அந்தப் பெயருக்கு நேராகப் பச்சையில் 'கொடுத்தாச்சு' என்று விழும். என் நண்பன் ஜெபின் வியாழக்கிழமை இரவு கோயில் போனிலிருந்து எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பினான். 'இந்த லிங்க்கைத் தொட வேண்டாம். ஹாலுக்கு வந்து காட்டவும்.' ஹாலில் மேசை போட்டு என் அம்மா ஆலிஸ் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர் போனை நீட்டினால் அம்மா அந்த லிங்க்கைத் தொடுவாள், பச்சை வரும், பையைக் கொடுப்பாள். காசிமேட்டில் இறால் உரித்து உரித்து அவள் விரல் நுனி தேய்ந்து கிடக்கும். மூன்று தடவை தொட்டால்தான் எந்தப் போனுக்கும் அவள் தொடுவது தெரியும்.

மீட்டிங்கில் கமிட்டிச் செயலாளர் தேவப்பிரியம் அங்கிள் கேட்டார், இதில் தப்பு வராதா என்று. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது அங்கிள். மனுஷங்கதான் பண்ணுவாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொருக்குப்பேட்டையிலிருந்து சின்னப்பையன் அண்ணன் வந்தார். போனை நீட்டினார். அம்மா மூன்று தடவை தொட்டாள். 'ஏற்கெனவே கொடுத்தாச்சு' என்று சிவப்பில் வந்தது. அவர் திரும்பிப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் அவர் சம்சாரம் ராஜாத்தி அக்கா வேலை யூனிபார்மோடு வந்து நின்றாள். பின்னாலேயே அவரும்.

"இன்னாமே ஆலிஸு, எம் பேர்ல வந்த பைய யாருக்குத் தூக்கிக் குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல ராஜாத்தி. இதுல அப்டி காட்டுது."

"அது காட்டுது. அப்ப அது பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?"

"வுடு ராஜாத்தி, அரிசிதான" என்றார் சின்னப்பையன் அண்ணன்.

"நீ சும்மா கெட. வூட்ல அடுப்புக்குள்ள தவளை கத்திகினு கீது, இவரு வுடுறாராம்."

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குள் அப்படி ஒன்பது பேர். தேவப்பிரியம் அங்கிள் ஸ்டோர் ரூமைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹார்பரில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர்.

"ஒம்போது பேருக்குக் குடுத்தாச்சுன்னு இது சொல்லுது. ஒம்போது பை உள்ளயே கீது. கோயில் போன் உங்கிட்டதான் கீது, அதுல எல்லா லிங்க்கும் கீது. மொதல்லயே தொட்டு வெச்சிட்டா, பை மிஞ்சும். நான் ஒண்ணும் சொல்லல ஆலிஸு. உம் பொண்ணுதான் சொல்ச்சு, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, மனுஷங்கதான் பண்ணுவாங்கன்னு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கமிட்டி முன்னாடி வந்து பேசு. அதுவரைக்கும் அந்தப் பைங்க அப்டியே கெடக்கட்டும்."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நான் தொடல" என்றாள்.

நான் என் போனில் லிஸ்ட்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபினின் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். யார் எப்போது எந்த லிங்க்கைத் திறந்தாலும் சர்வர் ஒரு வரி எழுதிவைக்கும். நீளநீளமான வரிகள். அதுவரை நான் அவற்றைப் படித்ததே இல்லை. ராஜாத்தி அக்காவின் லிங்க்கைத் தேடினேன். வெள்ளிக்கிழமை, காலை 5.20.

அன்றைக்கு ஐந்து மணிக்கு அம்மா தனியாகப் போய்த்தான் ஹாலைத் திறந்து, லாரியில் வந்த பைகளை இறக்க வைத்தாள். கோயில் போன் அவள் கையில் இருந்தது. அடுத்த பெயரைப் பார்த்தேன். அதுவும் விடியற்காலை. மூன்றாவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எட்டு மணிக்குத் தெருவில் தண்ணி லாரி வந்தது. அம்மா குடங்களோடு இறங்கிப் போனாள். அவள் வருவதற்குள் நான் ஒன்று செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். எதுவும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு, வேறு வழி தெரியாமல், சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு லிங்க்கை நானே திறந்தேன். வரி எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான். விழுந்தது. நேரம், மாலை 3.30.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது. மறுபடி திறந்தேன். 3.31.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜாங்கோவை நிறுவும்போது அது லண்டன் பக்கத்து நேரத்தில்தான் ஓடும், நம் ஊர் நேரத்தை நாம்தான் மாற்ற வேண்டும். எல்லாரும் மறக்கிற ஒரு வரி. நானும் மறந்திருந்தேன். ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 5.20 என்றால் 10.50.

வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு மழை லீவு. 10.50க்கு நானும் அம்மாவும் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கோயில் போன் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. பூட்டியது நான். சாவி என் பையில் இருந்தது.

அப்படியானால் தொட்டது அம்மா இல்லை. பின்னே யார்? பயத்தோடு பயமாக, அதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற ஒரு அரிப்பும் வந்துவிட்டது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், 'அதுக்கு முன்னாடி இன்னா நெனச்ச?' என்று கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, ஜெபினையும் கூட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு நடந்தேன். ராஜாத்தி அக்கா வாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, உங்கம்மா தூது அனுப்புச்சா?"

"இல்லக்கா. வெள்ளிக்கிழம பத்து அம்பதுக்கு நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"நீ இன்னா போலீசா?" துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தாள். "டீ டைமு. எண்ணூர் கம்பெனில பெருக்கி முடிச்சிட்டு டீ குடிச்சிகினு இருந்தேன்."

"அப்ப அந்த லிங்க்கத் தொட்டீங்களா?"

"தொடாதன்னு போட்டுகீது. தொட்டா கெட்டுப் போயிடும்னு நான் பயந்துகினு கீறேன், நீ வேற. வாங்கப் போறது இந்தாளு. அதான் அந்த மெசேஜ அப்டியே காப்பி பண்ணி இவரு வாட்ஸப்புல போட்டு வுட்டேன்."

போனைக் காட்டினாள். ஜெபின் அனுப்பிய அதே வாசகம், அதே லிங்க். ஆனால் அதற்கு மேலே சின்னதாக ஒரு பெட்டி. பெட்டிக்குள், 'மழை நிவாரணப் பை, ராயபுரம்.'

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது எஸ்.எம்.எஸ்ஸில் கிடையாது. பக்கத்துக்கு உள்ளே நான் தலைப்பாக எழுதியது. பக்கத்தைத் திறக்காத யாருக்கும் அது தெரியாது. ராஜாத்தி அக்கா திறக்கவில்லை. அப்படியானால் வாட்ஸப்புக்கு எப்படித் தெரிந்தது?

"ஏய் ஜானு" என்றான் ஜெபின். "போன வாரம் டெஸ்ட்டுக்கு நீ குடுத்த லிங்க்க என் தோஸ்துக்கு வாட்ஸப்புல அனுப்பினேன்ல. தன்னால பச்ச ஆச்சுல்ல. உன் கை சும்மாவே இருக்காதான்னு என்ன அந்தத் திட்டு திட்டினியே."

திட்டினேன். தான் தொடவே இல்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை.

அங்கேயே படியில் உட்கார்ந்து சோதனை லிங்க் ஒன்றைக் கொடுத்தேன். ஜெபின் அதை வாட்ஸப்பில் ஒட்டினான். அனுப்பவில்லை, ஒட்டியது மட்டும்தான். பெட்டி வந்தது. என் போனில் லிஸ்ட்டைப் பார்த்தேன். பச்சை. 'கொடுத்தாச்சு.'

சின்னப்பையன் அண்ணன் குனிந்து இரண்டு போனையும் பார்த்தார். "யாருமே தொடலியேமா."

"வாட்ஸப்பு போய் உள்ள இன்னா கீதுன்னு எட்டிப் பாத்துட்டு வருதுண்ணா. அந்தப் பெட்டில காட்டறதுக்கு."

"எட்டிப் பாத்தா குடுத்தாச்சுன்னு அர்த்தமா?"

அப்படித்தான் எழுதியிருந்தேன். பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் ஒரே கதவை வைத்திருந்தேன். லேப்டாப்பில் அந்த ஒன்பது வரிகளைக் கடைசி வரைக்கும் படித்தபோது, ஒவ்வொன்றின் வாலிலும் வாட்ஸப்பின் பெயர் இருந்தது. ஒன்பது பேருமே வீட்டில் வேறொருவரை வாங்கி வரச் சொல்லி லிங்க்கை வாட்ஸப்பில் அனுப்பியவர்கள்தான்.

திருத்தம் சின்னதுதான். லிங்க்கைத் திறந்தால் பெயர் மட்டும் தெரியட்டும், 'பை கொடு' என்று தனியாக ஒரு பட்டன் இருக்கட்டும், அதை அமுக்கினால்தான் பச்சை விழட்டும். எட்டிப் பார்க்கிற வாட்ஸப் பட்டனை அமுக்காது. அங்கேயே எழுதினேன். அமுக்கிப் பார்த்தேன். 'அனுமதி இல்லை' என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது.

"வாட்ஸப்பத் தடுக்கச் சொன்னா உன்னையே தடுக்குது" என்றான் ஜெபின்.

பட்டனை அமுக்கினால் போகிற படிவம் நம் பக்கத்திலிருந்துதான் வருகிறதா என்று ஜாங்கோ ஒரு ரகசிய முத்திரை கேட்கும். அதற்கான ஒரு வரியைப் படிவத்துக்குள் போட வேண்டும். போட்டேன். அமுக்கினேன். பச்சை. நேரத்தையும் நம் ஊருக்கு மாற்றினேன். ராஜாத்தி அக்கா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

பூசை முடிந்து ஹாலில் கமிட்டி உட்கார்ந்தது. அம்மா வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள், பெருநாளுக்குக் கட்டுவது. என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். அதை அவள் சொல்வதற்கு முன்னால் நான் எழுந்தேன்.

"அங்கிள், உங்க போனக் குடுங்க."

வெப்சைட்டின் ஒரு பிரதியை ஜெபின் திருத்தாமல் பழைய மாதிரியே வைத்திருந்தான். அந்த லிங்க்கை தேவப்பிரியம் அங்கிளே தன் கையால் வாட்ஸப்பில் ஒட்டினார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"நான் இன்னும் அனுப்பவே இல்லியே" என்றார்.

"அனுப்ப வேணாம் அங்கிள். ஒட்னாலே போதும். அம்மா எதையும் தொடல. தப்பு நான் எழுதினதுல கீது."

அவர் குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு சொன்ன."

"அது பண்ணல. நான் எழுதினத அப்டியே செஞ்சிது."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "ஆலிஸு, நான் அப்டிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். ஒன்பது பையும் வெளியே வந்தது. வரிசையில் முதலில் ராஜாத்தி அக்கா. அம்மா புது பட்டனை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். விரலைப் புடவையில் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை.

"ஊர்ல எவன் எவனோ தொடாமலே தொறக்குது, உன் வெரலுக்கு மட்டும் தொட்டாலும் தெரியமாட்டுது" என்றாள் ராஜாத்தி அக்கா. ஹாலே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். "மனசுல வெச்சிக்காதமே" என்றாள் அக்கா.

"வெச்சிக்கல. பையப் புடி."

இதோடு முடிந்திருந்தால் நான் இப்போது தூங்கிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு, அம்மா தண்ணி பிடிக்கப் போனபோது, நான் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தேன். அதன்மேல் எப்போதும் ஒரு பழைய போர்வை சுருட்டிக் கிடக்கும். அதை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்பது பையும் ஸ்டோர் ரூமில் இருப்பது தெரிந்தும், அரிசி இருக்கிறதா என்று. அப்பாவின் மழைக்கோட்டு இருந்தது, என் பழைய யூனிபார்ம் இருந்தது. மூடிவிட்டு, தடயம் தெரியக்கூடாதென்று போர்வையை நான்காக மடித்து மேலே வைத்தேன்.

இன்றைக்கு இரவு விளக்கை அணைத்த பிறகு அம்மா கூப்பிட்டாள்.

"ஜானு."

"ம்."

"பொட்டி மேல போர்வ அழகா மடிச்சுக் கீது."

என் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"நீ எப்பத்துலேந்து போர்வ மடிக்கிற?"

அவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிலிருந்து இப்படியே கிடக்கிறேன். ஜெபினை நம்பவில்லை. அம்மாவை நம்பவில்லை. என் தப்பான ஒரு வரியை நம்பினேன். காலையில் அப்பா வந்த பிறகு இதைச் சொல்ல முடியாது.

இப்போது மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். தூங்கியிருந்தால் விட்டுவிடலாம் என்று.

"ம்மா."

"சொல்லு" என்றாள்.