மூன்றாவது வாய்ப்பு

மேற்படிப்புக்கு அபினாவுக்கு ஜெர்மனியிலும் மலேசியாவிலும் இடம் கிடைத்திருந்தது. தரவரிசைகளையெல்லாம் பார்த்து ஜெர்மனி என்று முடிவு செய்துவிட்டாள். சம்மதம் அனுப்ப அன்று கடைசி நாள். அதற்குமுன் லிஜினிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இரணியலுக்குப் பஸ் ஏறினாள். ஜெர்மனியில் அவளுக்கு இடம் கிடைத்த அதே பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் சேர்ந்து, பாதியில் திரும்பி வந்தவன் அவன். ஏன் வந்தான் என்று அவர்களுடைய திருச்சபையில் யாருக்கும் தெரியாது.

கதவைத் திறந்த அவன் அம்மா குளோரி குரலைத் தாழ்த்தினாள். "பரீட்சைய பத்தி மட்டும் கேக்காத மக்களே. எழும்பிப் போயி கதவ அடச்சிருவான்."

ஆனால் லிஜினே அதில்தான் தொடங்கினான்.

"உனக்கு அரியர் உண்டா?"

"ஒரு பாடம் அண்ணே. வெப்பப் பரிமாற்றம். ரெண்டு தடவ போச்சு, பெறவு பாஸ்."

"அங்க முதல் செமஸ்டர்ல அதுதான் கட்டாயப் பாடம். மூணு தடவதான் எழுத விடுவாங்க. மூணாவதும் போச்சுன்னா அந்தப் படிப்ப அந்த நாட்டுல வேற எங்கயும் படிக்க முடியாது."

"அப்ப காலேஜ் மோசமா?"

"நல்ல காலேஜ். லேப பாத்தா நமக்கு வெளிய வர மனசு வராது. ஆனா நீ கிளாசுக்கு வந்தியா, வரலியான்னு கேக்க ஒரு ஆளில்ல." தன் வலது கையைப் பார்த்தான். "மூணாவது தடவ எல்லாம் படிச்சிட்டுதான் போனேன். கேள்வித்தாள திருப்பினேன். கை அனங்கல, ஒரு எழுத்துகூட எழுத முடியல."

திரும்பும் வழியெல்லாம் அபினாவுக்கு அதே நினைப்பு. மூன்றாவது வாய்ப்பில் தேறியவள் அவள். இங்கே அதற்குப் பிறகும் வாய்ப்பு இருந்தது.

அப்பா ராஜையன் வாசலிலேயே கேட்டார். "அனுப்பிட்டியா?"

"பேடியா இருக்குப்பா, நானும் தோத்துருவேனோன்னு."

"அப்ப மலேசியாவுக்குப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த நொடி நெஞ்சு லேசானது. இவ்வளவு எளிதாகத் தன்னால் விலகிவிட முடியும் என்பது அவளை இன்னும் பயமுறுத்தியது. லிஜினை போனில் அழைத்து, அவனால் எழுத முடியாமல் போன கேள்வியைக் கேட்டாள்.  அவன் மெல்லச் சொன்னான். அவள் போட்டுப் பார்த்தாள், பாதியில் நின்றது. அவன் அடுத்த வரியைச் சொன்னான். மறுபடி நின்றது. மறுபடி சொன்னான். விடை வந்தபோது இருட்டிவிட்டது.

ஜெர்மனிக்கே சம்மதத்தை அனுப்பிவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். பயம் போகவில்லை.