துலக்கிய வெற்றிலைப் பெட்டி

1.

"பழசு எதுக்குடி அந்த ஜப்பான்காரனுக்கு? அவன் ஊர்ல பழசே இல்லையா?"

கூலிம் சந்தைக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அக்கா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. யார் கேட்டாலும் சொல்வதில்லை. பதில்களை இந்த நோட்டில் எழுதி விறகுக்கு அடியில் வைத்துவிடுவேன். இந்தக் கதை அந்தக் கேள்வியில் ஆரம்பித்தது.

2.

முதல் தொடக்கம்: 2603ஆம் ஆண்டு (ஜப்பான்காரர்கள் இப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள், எங்களுக்கு 1943) மலாயாவில், பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் ஓர் ஏழைப் பெண்

வேண்டாம். தோட்டத்தில் ஏழை இல்லாத பெண் யார்?

இரண்டாம் தொடக்கம்: அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். அதற்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை தோட்டத்தில் தீர்ந்து பல மாதம். கூலிம் சந்தையில் பாய் விரித்துப் பழஞ்சாமான் விற்கிறார்கள். அங்கே பழையது தேடி வரும் ஜப்பான் அதிகாரி ஒருவரிடம் கொயினா உண்டு.

இது இருக்கட்டும்.

[அப்பா சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். அவரை உள்ளே விட்டால் கதை அவருடையதாகிவிடும்.]

3.

அம்மா கப்பலில் கொண்டுவந்த பித்தளை வெற்றிலைப் பெட்டி. கறுத்துப்போய், மூடியில் செதுக்கிய கொடிக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

"அம்மா அதைத் துலக்கி வைத்தாள்" என்றுதான் முதலில் எழுதினேன். பொய். அம்மாவால் எழுந்து உட்காரவே முடியவில்லை. துலக்கியது நான். வீட்டிலிருந்த கடைசிப் புளியையும் அடுப்புச் சாம்பலையும் போட்டு, கை எரியும்வரை தேய்த்தேன். விற்கப்போகும் பாத்திரத்தை அழுக்கோடு யாராவது கொண்டுபோவார்களா?

4.

அதிகாரியைக் கெட்டவராக எழுதினால் எனக்கு எளிது. ஆனால் அவர் எங்கள் பாயை மிதிக்காமல் குந்தினார். பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்தார். கொடியை நகத்தால் தடவிப் பார்த்தார். கீழே வைத்தார்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக் கனகசுந்தரம்தான் இப்போது அவருக்கு மொழிபெயர்க்கிறார்.

"புதுசாம். வேண்டாமாம். என்ன பிள்ளை செய்து போட்டாய்? அந்தக் கறுப்புக்காகத்தானே அவர் மருந்து தாறவர்!"

"அழுக்குக்கா மருந்து?" பாப்பம்மா அக்கா சிரித்தேவிட்டார். "அப்ப எங்க வீட்டு அடுப்புச் சட்டியெல்லாம் தங்கம்லா! கிராணி ஐயா, இது கப்பல்ல வந்த சாமான். புள்ள தெரியாம வெளக்கிடுச்சு. பாதி மாத்திரையாவது குடுக்கச் சொல்லுங்க."

"நான் சொன்னால் தரகுக்குப் பொய் சொல்லுறன் எண்டு நினைப்பார். பிள்ளை சொல்லட்டும்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

5.

பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதற்கு முன் வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஜப்பான் சொற்களில் 'பழையது' என்பதற்கும் ஒன்று உண்டு. ஃபுருய். அது என் நாக்கின்மேல் இருந்தது.

முடிவு அ: சொன்னேன். அவர் சிரித்து மருந்துப் புட்டியைத் திறந்தார். (எழுதுகிற கையே இதை நம்பவில்லை.)

முடிவு ஆ: சொன்னேன். என் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடவில்லை.

முடிவு இ: அம்மா

இதை எழுத மாட்டேன். இன்று குளிர் வரும் நாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மாவின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. உங்களுக்கு வேண்டியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் நான் எழுதுகிறேன்.

அவர் காத்திருந்தார். கிராணி இரண்டு தடவை தொண்டையைச் செருமும்வரை காத்திருந்தார். நான் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். அடுத்த பாய்க்குப் போனார்.