மடத்து வாசலில் கடைசி ஆள்

ஜார்லத் மண்வெட்டியைக் கதவோரம் சாய்க்கப் போனார்.

"சாய்க்காத, கையிலயே வச்சுக்க" என்றாள் டெலியா. "மடத்துல தோண்டத்தான் கிளம்பினேன்னா, அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போ."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஃபினோலாவின் கை நின்றது. அப்பா மாலகி இறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. முன்னறையில், பெட்டிக்குள், கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். ஊர்சனம் வந்து பார்த்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லி, டீ குடித்து, மழையைத் திட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது அம்மா இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போடுவாள் என்று யார் கண்டது?

"அம்மா, அப்பா கேட்டது மடத்துலதானே? லத்தீன் பூசை, பாட்டு, எல்லாம் பேசி முடிச்சாச்சு. நாளைக்குக் காலையில ஃபாதர் கான்லன் வந்துடுவார்."

"பாட்டை எங்க வேணா பாடட்டும். அவரை ரோட்டோரக் கல்லறையில வைங்க. அங்கன்னா மாசம் ஒருத்தராவது வந்து சேருவாங்க."

அப்பாவின் பழைய சிநேகிதர் ஜார்லத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஃபினோலாவுக்கும் புரிந்தது. அவள் மான்செஸ்டரில் பல் மருத்துவர், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்தக் கடற்கரையில் பிறந்த யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. ஒரு கல்லறைத் தோட்டத்தில் கடைசியாகப் புதைக்கப்பட்டவர் வாசலில் நின்று காவல் காக்க வேண்டும். அடுத்த சாவு வந்தால்தான் அவருக்கு ஓய்வு.

கில்லாரன் மடத்துக்குக் கூரை போய் நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. துறவிகள் நின்று பாடிய இடத்தில் புல்லும் அண்டங்காக்கைகளும்தான். அந்தச் சுவர்களுக்குள் அடக்கம் செய்யும் உரிமை நாலைந்து குடும்பங்களுக்கு இருந்தது. பெரியப்பா கொலும் போன கையோடு, இனி புதிதாக யாருக்கும் இடமில்லை என்று ஊர்க் கவுன்சில் மூடிவிட்டது. பழைய உரிமையுள்ளவர்களில் மிச்சம் இருந்தது மாலகி ஒருவர்தான். அவருக்குப் பின்னால் யாரும் வரப்போவதில்லை.

"உலகம் முடியுற வரைக்கும் ஒத்தையா நிக்கணும்" என்றாள் டெலியா. "யாரு வந்து மாத்திவிடுவா? நீ வருவியா, ஜார்லத்?"

"எனக்கு அங்க இடமில்லையே" என்றார் ஜார்லத், மெய்யாகவே வருத்தப்பட்டு.

"அப்ப பெரியப்பா கதி?" என்று ஃபினோலா கேட்டுவிட்டாள். தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவளுக்கே கூச்சமாகப் போயிற்று.

ஆனால் அதுதான் கேள்வி. கொலும் இத்தனை வருஷமாக அந்த வாசலில் நிற்கிறார். அவருக்காகத்தான் மாலகி ஆகஸ்டு மாதத் திருநாளில் இடிந்த மடத்துக்குள் பழைய முறைப் பூசையை ஆரம்பித்தார். பாதிரியாரிடம் விசுவாசம், பாரம்பரியம் என்று என்னென்னவோ சொன்னார். பெண்டாட்டியிடம் மட்டும்தான் உள்ளதைச் சொன்னார். பாட்டு நடக்கிற நேரம் காவல்காரன் உட்கார்ந்துகொள்ளலாமாம். அப்படி ஒரு விதியை யாரும் கேள்விப்பட்டதில்லை, அவரே உண்டாக்கியதுதான். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று அவர் பூசையில் வரும் 'கீரியே' பாட்டை இழுக்கிற இழுப்பில், கொண்டுவந்த சாண்ட்விச் எல்லாம் காய்ந்துபோகும் என்று பெண்கள் முணுமுணுப்பார்கள்.

"தெரியும்டி" என்றாள் டெலியா. "தான் போனா அண்ணன் உக்காரலாம்னுதான் மடத்தைக் கேட்டார். அவருக்கு அண்ணன்தான் பெருசு. மடத்தை மூடுனப்ப கவுன்சில்காரன் வந்து, சம்சாரத்துக்கும் சேர்த்து இடம் ஒதுக்கவான்னு கேட்டிருக்கான். வேணாம்னுட்டார். ஊர் பூரா தெரியும். இத்தனை வருஷம் ஒரே கட்டில்ல படுத்தோம். மண்ணுக்குள்ள மட்டும் நான் வேணாமாம்."

இதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. ஃபினோலாவுக்கு இது தெரியாது. அடுப்பில் கெட்டில் கொதித்து மூடி தடதடத்தது. யாரும் இறக்கவில்லை.

"அவன் கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன், டெலியா" என்றார் ஜார்லத். "உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு மாலகி சொல்லியிருந்தான்."

"சொல்லித் தொலை."

"அந்த ஆள் போனப்புறம் சொன்னான். 'எனக்கப்புறம் அவ வந்தா, அவதான் கடைசி. முட்டி தேஞ்சுபோனவ. அவளால நிக்க முடியாதுடா'ன்னான்."

டெலியா அவரையே பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, கெட்டிலை இறக்கி வைத்தாள். துணி இல்லாமல் வெறும் கையால் பிடித்ததை ஃபினோலா கவனித்தாள். அம்மா சுட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மடத்துல கிழக்குச் சுவரை ஒட்டித் தோண்டு. அங்கதான் காத்து கம்மி" என்றாள், முதுகைக் காட்டியபடியே. "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

மறுநாள் தூறிக்கொண்டே இருந்தது. பீடம் இருந்த இடத்தில் மேசை போட்டு, கறுப்பு அங்கியில் ஃபாதர் கான்லன் பூசையைத் தொடங்கினார். பாடுவதற்கு மூன்று பேர்தான் மிச்சம். சுருதி எடுத்துக் கொடுக்க மாலகி இல்லாததால் மிகவும் கீழே பிடித்துவிட்டார்கள். கூரையில்லாத இடத்தில் குரல் மேலே போனால் போனதுதான், திரும்பி வராது. போதாததற்கு மழை வேறு. எதையோ எட்டிப்பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி அவசர அவசரமாகப் பாடினார்கள்.

டெலியா முன்வரிசையிலிருந்து திரும்பினாள். "என்ன அவசரம், இமெல்டா? பஸ்ஸா போகுது? மெதுவாப் பாடுங்க."

இமெல்டா விழித்தாள், ஆனால் கேட்டாள். அடுத்த வரி மெதுவாக வந்தது, அதற்கடுத்தது இன்னும் மெதுவாக. ஃபாதர் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். ஃபினோலாவின் காலணிக்குள் தண்ணீர் ஏறியது. எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று வந்தவள், முடியக் கூடாது என்று நினைத்தாள். அழுகை அப்போதுதான் வந்தது. குழிக்கரையில் பிரியாவிடைப் பாட்டு முடிந்ததும் டெலியா கையை உயர்த்தினாள். "இன்னொரு தடவை." அவர்கள் இன்னொரு தடவை பாடினார்கள்.

பிறகு எவ்வளவு இழுத்தும் பாட்டு தீர்ந்துபோயிற்று. மண் தள்ளினார்கள். ஊரார் வரிசையாக வந்து கைகொடுத்துவிட்டு, சூடான சூப்பு குடிக்க ஓட்டலுக்குப் போனார்கள். ஃபினோலா காரை வாசல் வளைவு வரை கொண்டுவந்து, அம்மாவுக்காகக் கதவைத் திறந்து வைத்தாள்.

இமெல்டா மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். டெலியா அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள். பாவம், கால் தாங்கவில்லை, கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று நினைத்தாள் ஃபினோலா.

டெலியா ஈர மண்மேட்டின் பக்கத்தில் நாற்காலியை விரித்தாள். அழுத்திப் பார்த்தாள். ஒரு கால் சேற்றில் இறங்கியது. எடுத்துத் தள்ளி வைத்து மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து இருக்கையில் இருந்த மழைத் தண்ணீரைத் துடைத்தாள். பிறகு, அதில் தான் உட்காராமல், சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து, மடத்துக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நின்றாள்.

ஃபினோலா இன்ஜினை அணைத்தாள்.