பதினேழாம் எண் நீர்நிலை

1.

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து வந்தது. சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, 17 என்று எண்ணிட்ட நீலக் குளம். அந்த இடத்தில் காய்த்திருந்ததோ தர்பூசணி.

முதல் வரியாக இருந்தது: 'பிப்ரவரி வெயிலில் அந்தக் குட்டி விமானம் ஒரு வெள்ளிப் பறவையைப் போல' — அடித்துவிட்டேன். விமானம் ஒழுங்காகத்தான் பறந்தது. அதன் வயிற்றிலிருந்த கேமராவைத்தான் கவனிக்க வேண்டும்.

2.

அந்தக் கேமரா எடுத்த படங்களில் நீர்நிலைகளைக் குறிப்பது துர்காதேவியின் வேலை. அலுவலகம் செங்கல்பட்டில். சூரிய ஒளி எல்லா வாட்டத்திலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. வழவழப்பான பரப்பில் பட்டுத் திரும்பும்போது, வாரிவிட்ட தலைமுடி போல ஒரே வாட்டத்தில் படிகிறது. பள்ளிப் பாடத்தில் இதற்குத் தளவிளைவு என்று பெயர்.* கரடுமுரடான மண்ணுக்கு அப்படி வாரத் தெரியாது. இந்தக் கேமராவுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆகவே வாரிய ஒளி வந்த இடமெல்லாம் தண்ணீர் என்று நீலம் தீட்டினாள். மொத்தம் நாற்பத்தொன்று.

* இந்தச் சொல் இனி இந்தக் கதையில் வராது.

3.

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்திட்டதும் வரைபடம் தாலுகா அலுவலகத்துக்குப் போகும். நீலத்துக்குள் பயிர் வைத்தவர்கள் நிலத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

[இவள் நேரில் போவாளா என்று எனக்கே சந்தேகம். அதனால் திரையைப் பெரிதாக்க வைத்தேன். பதினேழின் கரைகள் நேர்கோடாக இருந்தன. எந்தக் குளமும் ஸ்கேல் வைத்துக் கரை போட்டுக்கொள்வதில்லை. வியாழன் காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.]

4.

நிலம் சம்பூர்ணத்துடையது. ஈரம் காயாமலிருக்கப் பாத்திகளின்மேல் கறுப்பு பிளாஸ்டிக் தாளை இழுத்து விரித்திருந்தாள். துர்காதேவி விஷயத்தைச் சொன்னதும் சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏரியா? அப்ப ரெண்டு மீன் புடிச்சினு போம்மா, கொழம்புக்கு ஆவும்."

அப்புறம் சிரிப்பு நின்றது. தாளின்மேல் ஒரு தும்பி வாலைத் தொட்டுத் தொட்டு எழுந்துகொண்டிருந்தது. வாரிய ஒளியைக் கண்டு, தண்ணீர் என்று நினைத்து முட்டையிடப் பார்க்கிறது.

"காலைலேந்து இதே வேலையா கீது. உங்க ப்ளேனும் இதுவும் ஒரே இஸ்கூல்ல படிச்சிதுங்களா?"

துர்காதேவி குனிந்து தாளைத் தொட்டாள். வழவழவென்று இருந்தது, சுட்டது.

5.

முடிவு (அ): துர்காதேவி பதினேழை அழித்தாள். சம்பூர்ணம் ஒரு பழம் கொடுத்தனுப்பினாள். — நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்து மற்ற நாற்பதையும் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் எட்டுக்குக் கரைகள் நேராக இருந்தன. பழத்தோடு நிறுத்த முடியவில்லை.

முடிவு (ஆ): எட்டையும் நேரில் பார்க்க அவகாசம் கேட்டு மேலாளர் ராஜகோபாலனிடம் போனாள். வெள்ளி காலை பத்து மணிக்கு வரைபடம் போயாக வேண்டும் என்றார் அவர்.

"ஒண்ணு தப்புன்னா ஒண்ணத் திருத்து. எட்டையும் கிளறினா நம்ம கேமராவே தப்புன்னு ஆயிடும்மா."

"கேமரா சரிதான் சார். அது வந்த வெளிச்சத்தப் பாத்துது. தண்ணின்னு சொன்னது நான்."

நானும் எழுதிப்பார்த்தேன்: 'ராஜகோபாலன் மனம் மாறி' — இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

6.

இப்போது வெள்ளி, காலை ஒன்பதே முக்கால். வரைபடக் காகிதம் மேசைமேல் இருக்கிறது. எட்டு இடங்களுக்கும் தும்பிகள் போய்வந்திருக்கும். ஆள் யாரும் போகவில்லை. துர்காதேவியின் ஒரு பக்கம் பேனா, மறுபக்கம் பஸ்ஸுக்கு எடுத்துப்போகும் பை.

எதை எடுக்கிறாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். முடிவை எழுதுமுன் குனிந்து அந்தக் கறுப்புத் தாளைத் தொட்டுவிட்டு எழுதுங்கள்.