நாலு மைல் தூரம்

மூட்டையை அவிழ்த்துக் கோடிச் சேலையை உதறிப் பார்த்த மலாய்ப் போலீஸ்காரன், அதற்கடியில் மஞ்சள் துணியில் முடிந்திருந்த அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டான். இரண்டு கை அரிசிதான் இருக்கும்.

"பெராஸ் தா போலே, மாச்சி."

அரிசி வெளியே போகக்கூடாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கிடைத்துவிடுமாம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுக் கேட் வைத்த இந்த ஒன்பது மாதமாக இதுதான் சட்டம். வேலம்மாவுக்கும் அது தெரியும்.

"திங்கறதுக்கு இல்ல தம்பி. என் தங்கச்சி செத்துட்டா. வாயில போட." தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

அவனுக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆனாலும் முடிச்சை அவிழ்த்து, அரிசியைப் பக்கத்திலிருந்த தகர டின்னில் கொட்டிவிட்டு, துணியை மடித்து அவள் கையில் கொடுத்தான். பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒருத்திக்கு மட்டும். ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி கொர்னேலியஸ், சாவு என்று எழுதியிருந்தார்.

தங்கை சின்னத்தாய்க்கு மஞ்சக்காமாலை என்று முதல் தகவல் வந்தபோதே வேலம்மா அவர் மேசை முன்னால் போய் நின்றாள். "சீக்குக்கெல்லாம் பாஸ் இல்லம்மா. தொரை உத்தரவு. சாவுன்னா ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போகலாம்," என்றார். அடுத்த மாதமும் போய்க் கேட்டாள். மூன்றாம் தடவை அவள் வாயைத் திறக்குமுன்பே அவர் தலையை ஆட்டினார். இன்று காலையில் டெலிபோனில் சேதி வந்ததும், கேட்காமலே எழுதி வைத்திருந்தார். அதைக் கையில் வாங்கும்போது அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கேட்டைத் தாண்டினால் கால்வாய்க் கரை. அங்கிருந்து தங்கை இருக்கும் தோட்டம் நாலு மைல். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தென்னையும் கமுகும், அதற்கப்பால் மலாய்க்காரர்களின் நெல்வயல். முன்னெல்லாம் சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமையில் அவள் இங்கிருந்து கிளம்புவாள், சின்னத்தாய் அங்கிருந்து வருவாள். பாதி வழியில் மதகருகே உட்கார்ந்து, மத்தியானம் வரை பேசித் தீர்ப்பார்கள். "நாலு மைலாம்! ரெண்டு தரம் வெத்தல போட்டா வந்துருது," என்பாள் சின்னத்தாய். அம்மா காய்ச்சலில் போனபோது அவளுக்கு மூன்று வயது. இந்தத் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று அடித்து வளர்த்தவள் வேலம்மாதான்.

மதகைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை. ஆறு மணி, ஆறு மணி என்றே கால் நடந்தது.

தங்கை வீடு கால்வாய்க்கு அக்கரையில். வழியில் இருந்த சிறு பாலங்களின் பலகைகளையெல்லாம் பட்டாளத்தார் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்துக்கு எதிரே இருக்கும் ஒரு பாலம்தான் மிச்சம். அதில் ஏறும்போதே தப்புச் சத்தம் கேட்டது. லயத்து வீடுகளின் வாசலில் இருந்த பெண்கள் அவளைக் கண்டதும் குரலெடுத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. நேரே உள்ளே போய் உட்கார்ந்தாள். சின்னத்தாயின் முகம் சிறுத்துப்போய், பழுத்த இலை நிறத்தில் இருந்தது. கை மட்டும் அதே கை. வேலம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு கங்கா மெல்ல வந்து குந்தினாள். "கடைசி ஒரு வாரமா பாய வாசப்பக்கம் போடச் சொல்லிருச்சுக்கா. பாலம் தெரியணும்னு."

வேலம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"ஒங்கள வர விட மாட்டேங்கறாங்கன்னு நாங்க சொன்னோம். அதுக்குத் தெரியும். கோவமெல்லாம் இல்லக்கா."

கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று வேலம்மா நினைத்தாள்.

இரண்டு மணிக்குத் தூக்குவதாக இருந்தது. ஒரே மகன் சன்னாசி கலும்பாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. அவன் வந்தால்தான் கொள்ளிச்சட்டி எடுக்க முடியும். லோரி கிடைத்துவிட்டது என்றார்கள்; பிறகு, வழியில் எல்லா லோரியையும் நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்றார்கள். இரண்டு மூன்றாயிற்று. மூன்று நாலாயிற்று. தப்படிக்கிறவர்கள் ஓய்ந்து வெற்றிலை போட்டார்கள். சின்னத்தாயின் புருஷன் செல்லன் பாலத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். இந்தத் தோட்டத்துக் கேட்டுக்கும் ஆறு மணிதான்; அதற்குள் அடக்கம் முடித்துத் திரும்ப வேண்டும்.

நாலேகாலுக்குச் சன்னாசி வந்தான். சட்டையெல்லாம் செம்மண். "அம்மா" என்று ஒரே தடவை சொன்னான். பிறகு பெரியம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டான். அவன் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே செல்லன் வந்து நின்றான்.

"மதினி. நீங்க கெளம்புங்க."

"குளிப்பாட்டலையே தம்பி."

"குளிப்பாட்டி, கோடி போட்டு, தூக்க இன்னும் அர மணி ஆயிரும். நீங்க நாலு மைல் போவணும். கேட்ட மூடுனப்புறம் வெளிய நின்னா சுட்டுருவானுங்க. கேக்க நாதியில்ல. இவள அனுப்புற அன்னிக்கி ஒங்களயும் நான் பறிகொடுக்கணுமா?"

கங்கா சிறு கிண்ணத்தில் அரிசி கொண்டுவந்து நீட்டினாள். அவர்கள் வீட்டு ரேஷன் அரிசி. "பொறந்த வீட்டு அரிசின்னு நெனச்சுப் போடுங்கக்கா. மொறைய முன்னப்பின்ன மாத்திக்கலாம்."

குளிப்பாட்டாத உடம்பின் உதட்டில் வேலம்மா மூன்று முறை அரிசி போட்டாள். கோடியை நெஞ்சின்மேல் விரித்தாள். எழுந்தாள். பாலத்தைக் கடந்து, இக்கரைப் பாதையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அரை மைல்கூடப் போயிருக்கமாட்டாள். பின்னால் தப்பு முழங்கியது. அவர்களும் அவசரப்பட்டிருக்கிறார்கள், அரை மணி வேலையைக் கால் மணியில் முடித்திருக்கிறார்கள். தோட்டத்து இடுகாடு அக்கரையில், அவள் போகும் திசையிலேயே, கால்வாயோரமாக ஒரு மைல் தள்ளி இருந்தது. பாடை அந்தக் கரையில் வந்துகொண்டிருந்தது. லயத்து முனையிலேயே பெண்கள் நின்றுவிட்டார்கள். வெள்ளை வேட்டிகளுக்கு மேலே அவள் கொண்டுவந்த பச்சைச் சேலை தெரிந்தது.

வேலம்மா நின்றாள். நிற்கக்கூடாது என்று தெரிந்தும் நின்றாள். பாடை நேரெதிரே வந்ததும், அதனோடு சேர்ந்து தானும் நடக்கத் தொடங்கினாள்.

நடுவில் நாற்பதடித் தண்ணீர். தூக்கியவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதே வேகத்தில் போனாள். சட்டியோடு முன்னால் நடந்த சன்னாசி அவளைக் கண்டுவிட்டான். அதற்குப் பிறகு அவன் முகம் இந்தப் பக்கமே திரும்பியிருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. பொம்பளை இடுகாடு வரைக்கும் வரக்கூடாது என்று சொல்லவும் அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. தப்பு அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீரில் தென்னைகள் தலைகீழாக நின்றன. அவற்றின்மேல் அந்தப் பச்சை ஊர்ந்துகொண்டே வந்தது.

"பாத்து வா ஆத்தா," என்றாள் வேலம்மா. யாருக்கும் கேட்டிருக்காது. "மேடு பள்ளம் இல்ல. வா."

இடுகாட்டுக்குத் திரும்பும் இடத்தில் பாடையை இறக்காமல் ஒரு கணம் நிறுத்தினார்கள். அது செல்லன் சொல்லித்தானோ என்னவோ. அவன் இந்தக் கரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு கையை வீசி, போ, போ என்று காட்டினான். பச்சைச் சேலை லாலாங் புல்லுக்குப் பின்னால் மறைந்தது.

அப்புறம் அவள் ஓடினாள். ஐம்பது வயசில் அப்படி ஓடினதில்லை. மதகு வந்தது, போயிற்று. பின்னால் தப்பு எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கும்போதுதான், வெகுநேரமாகச் சத்தமே இல்லை என்பது உறைத்தது.

கேட் திறந்திருந்தது. காலையில் இருந்தவன் இல்லை, வேறொருவன், தமிழன். பாஸை வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எதுக்கும்மா இப்புடி மூச்சு வாங்க ஓடியார்றீங்க? ஆறுக்கு இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்கு லா. உள்ள போங்க."

வேலம்மா கம்பிக்கு அப்பால் பார்த்தாள். வீட்டு வாசலில் அவள் புருஷன் உடையப்பன் அடுப்பு மூட்டக் கட்டை உடைத்துக்கொண்டிருந்தான். திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள்.

"பன்னெண்டு நிமிசமா?"

"ஆமா."

"மூடும்போது கூப்புடுங்கய்யா," என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே கால்வாய்க் கரையில் போய் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டாள்.