இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

எமில்டா ரெக்கோட் பிளேயரை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

டி.வி.க்குத் துணி போட்டாயிற்று. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பியாயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் கணவன் கிறிஸ்துராஜாவின் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். ஒரு மணித்தியாலம் முன்னறையில் இருக்கும். பிறகு கோயில். பிறகு மண்.

மச்சாள் செல்வமலர்தான் போனை எடுத்தாள். கேட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஆரோ வெள்ளைக்காரன். உம்மட அவரைக் கேக்கிறான். ஏதோ பிளேட் வந்திட்டுதாம், கடை பூட்ட முதல் வந்து எடுக்கட்டாம். வைச்சிடட்டோ?"

"வையாதேங்கோ!"

குசினியில் தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம் நின்றது. எமில்டாவின் கையில் துணி அப்படியே தொங்கியது.

அந்த இசைத்தட்டு. கடைசியில்!

அறுபத்தொன்பதில் கிறிஸ்துராஜா கப்பலில் வேலை செய்தார். ஹம்பேர்க் துறைமுகத்தில் கப்பல் பழுதாகிக் கிடந்த மாதங்களில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். கடைக்குக் கீழே நிலவறை. அதற்குள் தோள்வரை முடி வளர்த்த ஐந்து ஜெர்மன் பொடியன்கள். ஹாஃபென்கெல்லர் என்பது அவர்கள் குழுவின் பெயர். கிற்றாரும் மவுத் ஓர்கனுமாகப் புளூஸ் பாடி, தங்கள் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் கோப்பியோடு படியிறங்கிய கிறிஸ்துராஜாவுக்கு இருமல் வந்துவிட்டது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. பாடகன் அதை வெட்ட விடவில்லையாம். இருக்கட்டும், இப்போதுதான் இந்தப் பாட்டுக்குள் ஒரு மனிதன் வந்திருக்கிறான் என்றானாம்.

"ரெண்டாம் பக்கம், மூண்டாம் பாட்டு. தொடங்க முதல் ஒரு இருமல் வரும். அது நான்தான்!"

கலியாண வீடு, ஞானஸ்நானம், கோயில் பெருநாள், எங்கே நாலு பேர் கூடினாலும் கிறிஸ்துராஜா இதைச் சொல்லிவிடுவார். வாழ்க்கையில் அவர் அடித்த பெருமை அது ஒன்றுதான். எமில்டாவின் அண்ணன் யேசுரட்ணம் விடமாட்டார்.

"இருமினதுக்கே பிளேட் போட்டிருக்கிறாங்கள். மச்சான் தும்மியிருந்தா படமே எடுத்திருப்பாங்கள்!"

சபை உருண்டு சிரிக்கும். கிறிஸ்துராஜாவும் சிரிப்பார். சிரிப்பு இருமலில் முடியும். இரண்டு சின்ன இருமல், பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டு ஒன்று. அந்த மூன்றாவது வருவதற்குள் எமில்டா நீலக்கரைக் கிளாசில் தண்ணீரோடு நிற்பாள்.

ஊரில், பேசாலை வீட்டில் அந்த இசைத்தட்டு திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. உறையில் ஒரு நிலவறைப் படிக்கட்டு, ஒற்றை பல்ப், மற்றெல்லாம் புகை. வீட்டில் பிளேயர் இல்லை. தெருவிலேயே இல்லை. கேட்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எண்பத்து நான்கில் வீடு எரிந்தது. தட்டும் எரிந்தது.

லண்டனுக்கு வந்து அவர் வாங்கிய முதல் சாமான் பிளேயர். பிறகு சனிக்கிழமைதோறும் பழைய பிளேட் கடைகள். ஏழு வருடம் தேடினார்.

எமில்டாவும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் கிடந்தது. என்றோ ஒருநாள் தட்டு கிடைத்து, ஊசி ஓடி, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போனால்? போன வாரம் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடிய பிறகு பயத்தோடு இன்னொன்றும் வந்து சேர்ந்துகொண்டது. வீட்டில் அவருடைய குரல் உள்ள ஒரு கசெற்றுக்கூட இல்லை.

அவள் கோட்டை எடுத்தாள். வாசலில் யேசுரட்ணம் குறுக்கே நின்றார்.

"எங்க போறாய்?"

"ஸ்டேஷன் ரோட்டுக்கு."

"உனக்கென்ன விசரே? செத்தவீட்டுக்காரி றோட்டில திரியிறதோ? சனம் வரப்போகுது."

"அவர் வாறதுக்குள்ள வந்திடுவன், அண்ணை."

வெளியே பெப்ரவரி மூடுபனி. லண்டனின் பார்க்கிங் பகுதி முழுவதும் தண்ணீருக்கடியில் கிடந்தது போலிருந்தது. பஸ்கள் விளக்கோடு வந்து சத்தமில்லாமல் கரைந்தன. வெள்ளைச் சேலையின் கரை கோட்டுக்குக் கீழே நனைந்து காலில் ஒட்டியது. தன் சப்பாத்துச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சப்பாத்துச் சத்தம் வருவதாக அவளுக்குப் பட்டது. கடைக்கு வரும்போது அவர் அப்படித்தான், இரண்டடி பின்னால் நடப்பார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நின்றுவிடும்.

கடைக்காரக் கிழவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தட்டை வெளியே எடுத்தார். படிக்கட்டு. ஒற்றை பல்ப். புகை. அதேதான்.

"உங்கள் கணவர் ஏற்கெனவே காசு தந்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து வரவழைத்தேன். போட்டுக் காட்டட்டுமா?"

கிழவரின் கை பிளேயரின் மூடியைத் திறந்துவிட்டது. இங்கேயே கேட்டுவிடலாம். ஒன்றுமில்லையென்றால், அது அவளோடு போய்விடும். யாருக்கும் தெரியவராது.

"வேண்டாம். அவரோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும்."

"அவர் வரவில்லையா?"

"வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்," என்றாள்.

அவள் திரும்பியபோது கறுப்புக் கார் வாசலில் நின்றது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். கையில் கடைப் பையோடு எமில்டா அதன் பின்னால், இரண்டடி தள்ளி, வீட்டுக்குள் நடந்தாள்.

முன்னறை நிறைந்திருந்தது. பெட்டியைத் திறந்தார்கள். மெழுகுதிரி ஏற்றினார்கள். யேசுரட்ணம் செபமாலை சொல்ல, சனம் முணுமுணுத்தது. கடைசி 'ஆமென்' விழுந்ததும் எமில்டா எழுந்தாள். நேராகப் போனாள். பிளேயரின் வெள்ளைத் துணியை இழுத்தாள்.

"ஐயோ மாதாவே!" செல்வமலர் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். "பிரேதத்தை வைச்சுக்கொண்டு பாட்டுப் போடுறதோ? விடும், எமில்டா!"

"சனம் என்ன கதைக்கும்?" யேசுரட்ணம் பல்லைக் கடித்தார். "கோயிலால வந்து போடு. நாளைக்குப் போடு."

"நாளைக்கு அவர் இருக்கமாட்டார், அண்ணை."

அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"எத்தினை வருஷம் அவரைப் பகிடி பண்ணினீங்கள்? நானும்தானே சேர்ந்து சிரிச்சன். இண்டைக்கு ஒருக்காக் கேப்பம். அதில ஒண்டும் இல்லையெண்டா, அவற்ற முகத்தைப் பார்த்துச் சிரியுங்கோ. நானும் சிரிக்கிறன்."

யேசுரட்ணம் பெட்டியைப் பார்த்தார். கோட்டின் பொத்தானைத் திருகினார். பிறகு செல்வமலரின் கையை மெல்ல விலக்கினார்.

"சத்தத்தைக் குறைச்சுப் போடு."

தட்டு சுழன்றது. எமில்டா குனிந்து, மூன்றாம் பாட்டுக்கு முன்னாலுள்ள கறுப்பு வளையத்தைத் தேடி ஊசியை வைத்தாள். அது சற்று முன்னாலேயே விழுந்தது. இரண்டாம் பாட்டின் வால். ஒரு கிற்றார் நீளமாய் இழுபட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற மூடுபனியைப்போல மெலிந்து போனது.

பிறகு தூறல் மாதிரி கீறல் சத்தம் மட்டும்.

தூறல் நீண்டது. செல்வமலர் தலையைக் குனிந்துகொண்டாள். எமில்டா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லை. ஒன்றுமில்லை.

எங்கோ ஆழத்தில் ஒரு மரப்படி கிறீச்சிட்டது. இன்னொரு படி. கோப்பையும் சோசரும் உரசின.

இருமல்.

இரண்டு சின்னது. பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டு ஒன்று. இளம் நெஞ்சு, ஆனாலும் அதே இழுப்பு.

அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மவுத் ஓர்கன் மெதுவாக எழுந்தது. அறைக்குள் புகை பரவுவது போல நாற்காலிக் கால்களுக்கிடையே, மெழுகுதிரிகளுக்கிடையே அது ஊர்ந்தது. யேசுரட்ணத்தின் விரல்களில் செபமாலை அப்படியே நின்றது. அவர் வாய் சிரிப்பதற்குத் திறந்த மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை.

எமில்டா பிளேயருக்குப் பக்கத்தில் இல்லை.

குசினியில் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. நீலக்கரைக் கிளாசைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, வழக்கமான அவசரத்தோடு, வழிவிட்ட சனத்துக்கூடாக அவள் வந்தாள். பெட்டிக்கு அருகில் வந்த பிறகுதான் நின்றாள்.

கிளாசைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யேசுரட்ணம் எழுந்து வந்து, பெட்டியின் தலைமாட்டில் இருந்த மெழுகுதிரித் தண்டுகளில் ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்து, கிளாசுக்கு இடம் பண்ணினார்.