ஆம்புலன்ஸ் போகவில்லை

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில்தான் குமுதா மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். ஓட்டி வந்தவன் அவள் கணவன் புனிதன். மதியம் இரண்டு மணி. அவசரப் பிரிவு வாசலில் லோரியைக் குறுக்கே நிறுத்தியதற்குக் காவலாளி திட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

தாதி ஜஸ்மின்தான் முதலில் பார்த்தாள். ஜெராம் ஊரில் பிறந்தவள், பதினாறு வருட அனுபவம், அதில் ஐந்து வருடம் பிரசவ வார்டில். குமுதாவுக்கு இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம், குறித்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. காலையில் அவர்கள் இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில், பிரசவ வலி இல்லை, வெறும் சூட்டு வலி என்று மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"மிஸ்ஸி, நான் சும்மா கத்தல. எனக்கு முக்கணும்போல இருக்கு," என்றாள் குமுதா.

ஜஸ்மின் திரையை இழுத்துவிட்டுச் சோதித்தாள். குழந்தையின் தலை விரலுக்கு எட்டியது.

அந்தச் சிறிய மருத்துவமனையில் பிரசவப் பிரிவு கிடையாது. பெரிய மருத்துவமனைக்கு நாற்பது நிமிடம் ஆகும். டாக்டர் லோகேஸ்வரன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொலைபேசியில் பெரிய மருத்துவமனை நிபுணரிடம் பேசிவிட்டு வந்தார். உடனே ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டார்கள் என்றார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்து நின்றது. பணியாளர்கள் கட்டிலின் சக்கரப் பூட்டைத் தட்டி எடுத்தார்கள்.

ஜஸ்மின் பூட்டைத் திரும்பக் காலால் அழுத்தினாள்.

"ஏத்த மாட்டேன் டாக்டர். பத்து நிமிஷத்துல பிறந்துடும். வண்டியில என் ரெண்டு கைதான் இருக்கும். இங்க நாலு பேர் இருக்கோம், ஆக்சிஜன் இருக்கு."

"ஸ்பெஷலிஸ்ட் ஆர்டர் அக்கா. ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா என் பேரை எழுதுங்க. ஜஸ்மின் தடுத்தாள்னு எழுதுங்க."

லோகேஸ்வரன் ஒரு கணம் ஆம்புலன்ஸைப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, என்ன செய்யவேண்டும் என்று அவளிடமே கேட்டார்.

குமுதாவை மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். அவள் முடியாது என்று கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டாள். ஒரு பணியாளர் அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். ஜஸ்மின் அவர் கையை விலக்கினாள். பிள்ளை பெறுகிறவள் அவள், அவளுக்கு எப்படி வசதியோ அப்படியே இருக்கட்டும் என்றாள். பிறகு குமுதாவின் முதுகில் கை வைத்து, வலி வரும்போது மட்டும் முக்கு, தலை வந்ததும் நிறுத்தி மூச்சை ஊது என்று சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாவது வலியில் தலை வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. ஜஸ்மின் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே கழற்றினாள். அடுத்த வலியில் குழந்தை அவள் கைகளில் வழுக்கி விழுந்தது. பெண் குழந்தை. நீலம் பாரித்துத் துணிபோலக் கிடந்தது. அழவில்லை.

"ஏன் சத்தம் வரல?" என்று குமுதா திரும்பித் திரும்பிக் கேட்டாள். ஜஸ்மின், பார்த்துக்கொண்டிருக்கிறோம் மா, விடமாட்டோம் என்றாள்.

குழந்தையைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். அசைவில்லை. பெட்டியில் கிடந்த மிகச் சிறிய மாஸ்க்கை முகத்தில் பொருத்திக் காற்றைச் செலுத்தினாள். லோகேஸ்வரன் நெஞ்சில் குழல் வைத்து இதயத் துடிப்பை எண்ணினார். அது மெதுவாகத்தான் இருந்தது. பிறகு கூடியது. ஒரு நிமிடம் கழிந்தபோது குழந்தை காலை உதைத்தது, முகத்தைச் சுளித்தது, பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் கொடுத்தது. திரைக்கு வெளியே புனிதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

குழந்தையைத் தாயின் நெஞ்சோடு போர்த்தினார்கள். குமுதாவின் தொடையில் ஊசி போட்டும், நஞ்சுக்கொடி வந்த பிறகும் இரத்தம் நிற்காததால் ஜஸ்மின் கால் மணி நேரம் அவள் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தாள். கர்ப்பப்பை கல்லாக இறுகியதும்தான் கையை எடுத்தாள். அதன் பிறகே இருவரையும் ஆம்புலன்ஸில் ஏற்றச் சம்மதித்தாள். குழந்தை குமுதாவின் நெஞ்சிலேயே போனது.

நான்கு நாள் கழித்து, தாதியர் மேலதிகாரி நல்லம்மாள் ஜஸ்மினைக் கூப்பிட்டு விளக்கக் கடிதம் கேட்டார். உத்தரவை மீறியதற்கு வருந்துவதாக ஒரு வரி சேர்த்தால் விஷயம் இதோடு முடிந்துவிடும் என்றார். லோகேஸ்வரன் தன் அறிக்கையில் அவள் முடிவு சரி என்று எழுதியிருந்தாலும் மேலிடத்தில் விளக்கம் கேட்கிறார்கள் என்றார் நல்லம்மாள்.

"நான் வருந்தல சிஸ்டர். வருந்தாததை எப்படி எழுதறது?"

"எச்சரிக்கைக் கடிதம் ஃபைல்ல ஏறும் மா."

"ஏறட்டும்."

அந்த மேசையிலேயே உட்கார்ந்து, எத்தனை மணிக்குத் தலை தெரிந்தது, எத்தனை மணிக்குக் குழந்தை மூச்சுவிட்டது என்று நிமிடக் கணக்காக எழுதினாள். கடைசியில், இதே நிலையில் இன்னொரு தாய் வந்தாலும் ஏற்றமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். நல்லம்மாள் அதை இரண்டு முறை படித்தார். திருத்தச் சொல்லவில்லை. முத்திரை குத்தி உறையில் போட்டார்.